நாலு மணி வெளியேற்றம்

புயல் கரையைக் கடந்த மறுநாள் மதியம் ஒன்றே முக்காலுக்கு, சங்கேணியில் இருந்த எல்லாப் போன்களும் ஒரே சமயத்தில் அடித்தன. எடுத்தவர்கள் காதில் பிரகாசி பேசினாள். பிரகாசி அந்தக் கடற்கரை ஊரில் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் போனும் அடித்தது. எடுத்துக் கேட்டால், அவள் குரலே அவளுக்குத் தைரியம் சொன்னது.

“அப்பதான் சோத்துல கை வச்சேன்,” என்று பின்னால் என்னிடம் சொன்னாள். “நானே எனக்கு போன் போட்டு, பயப்படாத மக்கான்னு சொல்லுதேன். சோத்த அப்படியே மூடி வச்சிட்டேன் மேடம்.”

அந்தச் செய்தி இதுதான்:

“மக்கா, பிரகாசி பேசுதேன். நல்லாக் கேட்டுக்கோங்க. இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வெளியேற்றம் ஆரம்பிக்கும். ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும். அதுவரைக்கும் வீட்டுக்குள்ளயே இருங்க. கதவு சன்னல் எல்லாத்தையும் அடச்சிருங்க. குடிதண்ணி, மாத்திர மருந்து, அடையாள அட்டை எல்லாம் கைக்கெட்டுத எடத்துல வச்சுக்கோங்க. பயப்படாதிய.”

பேசியது உண்மையில் ஊர்க்குரல் என்ற இயந்திரம். அது பேசும் சொற்களுக்குப் பொறுப்பு நான். என் பெயர் சங்கரவடிவு. பதினாறு வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்தினேன். கல்யாணப் பத்திரிகையில் ஒற்று விடுபட்டிருந்தால் மொய்யோடு சேர்த்துத் திருத்தத்தையும் கொடுத்துவிட்டு வருகிற ஆள். அதனால் எனக்குக் கல்யாண அழைப்புகள் குறைவு. பேரிடர் எச்சரிக்கை மையத்தில் ‘சொல் அலுவலர்’ என்று ஒரு வேலையை உண்டாக்கியபோது, அது எனக்காகவே உண்டாக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மையம் இருந்தது சங்கேணியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் உள்ளே. அன்று காலை பத்து மணியிலிருந்து திரையில் அணுமின் நிலையத்தின் பொறியாளர் தாணுமாலயன் இருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். எங்கள் பக்கம் துணை ஆட்சியர் கோமதிநாயகம், நான், இன்னும் நாலு பேர்.

“டீசல் ஜெனரேட்டர் ரூமுக்குள்ள கடல் தண்ணி ஏறிட்டு,” என்றார் தாணுமாலயன். “உலையக் குளிர வைக்குற பம்பு ஓடல. உலைய நிறுத்தியாச்சு. ஆனா நிறுத்துனாலும் சூடு ஒடனே போவாது. குக்கர அடுப்புலேருந்து எறக்கி வச்ச பொறவும் உள்ள கொதிக்கும்லா? அந்தக் கதைதான். கொஞ்சம் ஆவிய வெளிய விட்டாத்தான் உலை தாங்கும். வடிகட்டிதான் விடுவோம். நாலு மணிக்கு மேல தள்ளிப்போட முடியாது.”

“காத்து எந்தப் பக்கம்?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

“அதான் சார் சிக்கல். ஆறு மணி வரைக்கும் கரையோரமா அடிக்கும். நேரா சங்கேணி மேல. பொறவு கடலப் பாத்துத் திரும்பிரும். அந்த ரெண்டு மணி நேரம் சனங்க கான்கிரீட் கூரைக்குக் கீழ இருந்தாப் போதும். ஒண்ணும் ஆகாது.”

“இப்பவே ஊரைக் காலி பண்ணிட்டா?”

“ஓடைப் பாலத்துல புளியமரம் ரெண்டு விழுந்து கெடக்கு. எடுத்து முடிக்க அஞ்சு மணி ஆயிரும். மூவாயிரத்து எரநூறு பேரு பாலத்துக்கு இந்தப் பக்கம் வெட்டவெளியில நிக்கும்போது ஆவி வந்தா நான் பொறுப்பில்ல.”

அவர் சொன்னது நியாயம். சங்கேணியில் பழைய கடற்கோளுக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள்தான் எல்லாமே. தாணுமாலயனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

“சனங்க கேப்பாங்களா மேடம்? போன தடவ சைரன் அடிச்சதுக்கு, பாதிப் பேரு என்னன்னு பாக்க கடற்கரைக்கு ஓடியிருக்காங்க.”

“இந்தத் தடவை சைரன் இல்ல சார். யார் சொன்னாக் கேப்பீங்கன்னு வீடு வீடா விசாரிச்சு வச்சிருக்கோம். சங்கேணியில நூத்துக்கு மூணு பேர் கலெக்டரச் சொன்னாங்க. இருபத்தொம்போது பேர் பங்குச் சாமியாரச் சொன்னாங்க. எழுபத்தெட்டு பேர் பிரகாசின்னாங்க. ஒருத்தர் ரெண்டு மூணு பேர்கூடச் சொல்லலாம்.”

“யாரது?”

“மீன் ஏலம் கூறுறவங்க. அவங்க வாயிலேருந்து ஒரு விலை வந்துட்டா அதுக்கு மேல பேச்சு கிடையாது. அவங்க குரல நாப்பது மணி நேரம் பதிவு பண்ணியிருக்கோம். மெஷின் அந்தக் குரல்ல, அந்த ஊர்ப் பேச்சுல பேசும். கேள்வி கேட்டா பதிலும் சொல்லும். ஒரே நேரத்துல ஊர் முழுக்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா.”

“அந்த அம்மா ஒத்துக்கிட்டாங்களா?”

“கையெழுத்துப் போட்டிருக்காங்க,” என்றேன்.

செய்தி போய் அரை மணி நேரத்தில் கோமதிநாயகம் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். திரையில் சங்கேணி முழுக்கப் பச்சை. ஒரு மோட்டார் சைக்கிள் கூடச் சாலைக்கு வரவில்லை. மீன் இறங்குதளத்தில் ஆள் இல்லை. எல்லாப் போன்களும் வீட்டுக்குள் இருந்தன.

“பாத்தியளா? ஒரு தள்ளுமுள்ளு உண்டா, ஒரு கூப்பாடு உண்டா? இந்த நாட்டுலயே இப்படி நடந்தது கிடையாது!” என்று சொல்லிவிட்டு, தலைநகருக்குப் போன் போட்டு அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் வேலை, மக்கள் கேட்கும் கேள்விகளையும் இயந்திரம் சொல்லும் பதில்களையும் வாசித்து, மொழிப் பிழை இருந்தால் குறிப்பது. இரண்டு மணி நாற்பதுக்குச் சங்கேணியின் பட்டியலைத் திறந்தேன். ஒரே கேள்வி நூற்றுப் பதினெட்டுத் தடவை வந்திருந்தது.

“பஸ்சு கோயில் முன்னால நிக்குமா, பள்ளிக்கூடத்து முன்னால நிக்குமா?”

பிரகாசியின் குரலில் இயந்திரம் பதில் சொல்லியிருந்தது: “வண்டி வெவரம் பொறவு சொல்லுதேன் மக்கா.”

அடுத்தது: “ஆட்டையும் கூட்டிட்டு வரலாமா?”

“ஆடு மாட்ட உள்ளயே கெட்டிப் போடுங்க.”

அடுத்தது: “நாலு மணிக்கு கரெக்டா வெளிய வந்து நிக்கணுமா, முன்னாலயே வந்துரலாமா?”

“நாலு மணிக்குத்தான் வெளியேற்றம். அதுவரைக்கும் உள்ளயே இருங்க.”

செய்தியை எடுத்து, எதுவும் தெரியாத ஒருத்தியாக மறுபடியும் வாசித்தேன். நாலு மணிக்கு வெளியேற்றம். அதுவரை உள்ளே இரு. வீட்டைப் பூட்டு. தண்ணீரும் மருந்தும் அடையாள அட்டையும் எடுத்து வை. நானாக இருந்தாலும் பையைக் கட்டிக்கொண்டு நாலு மணிக்கு வாசலில் நின்றிருப்பேன். அவர்கள் அமைதியாக இருந்தது செய்தி புரிந்ததால் அல்ல. பஸ் வரப்போகிறது என்று நம்பியதால்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கலைச்சொல் பட்டியல் என் மேசைக்கு வந்தது. நாற்பத்தோராவது வரிசையில், உலையிலிருந்து ஆவியை வெளியே விடுவதற்கு ஒரு சொல் வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிசையில், ஊரிலிருந்து மக்களை வெளியே கொண்டுபோவதற்கு ஒரு சொல் வேண்டும். இரண்டுக்கும் ‘வெளியேற்றம்’ என்று எழுதினேன். இரண்டுமே சரியான தமிழ். குழுவில் இருந்த இளம் பொறியாளர் ஒருவர், “கேஸ் விடுறதுன்னு போட்டா எல்லாருக்கும் புரியுமே மேடம்?” என்று கேட்டார். “கேஸ் எந்த ஊர்த் தமிழ் தம்பி?” என்றேன். குழு முழுக்கச் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடித்திருந்தது.

கோமதிநாயகத்திடம் போய்ச் சொன்னேன். ஒரு தடவை கேட்டார், புரியவில்லை. இரண்டாம் தடவை கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

“நாலு மணிக்கு ஊரே வெளிய வந்து நிக்கும்ங்கியளா?”

“ஆமா சார்.”

“தாணு சார், தள்ளிப்போட முடியுமா?”

“சொன்னேனே சார்,” என்றார் திரையில் இருந்தவர். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

இயந்திரத்திடம் இரண்டு திருத்தச் செய்திகளைக் கொடுத்து, எது அனுப்பினால் என்ன நடக்கும் என்று கணிக்கச் சொன்னோம். முதலாவது உண்மை: உலையிலிருந்து கதிர்வீச்சு கலந்த ஆவியை விடப்போகிறார்கள், வெளியே வராதீர்கள், பஸ் கிடையாது. இதை அனுப்பினால் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் பத்து நிமிடத்தில் சொந்த வண்டியில் சாலைக்கு வருவார்கள் என்றது இயந்திரம். இரண்டாவது: பஸ் வருவது ஆறு மணிக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அதுவரை வெளியே வராதீர்கள். இதை அனுப்பினால் எண்பத்தெட்டுப் பேர் உள்ளேயே இருப்பார்கள்.

“ரெண்டாவத அனுப்புங்க,” என்றார் கோமதிநாயகம்.

“பஸ் இருக்கா சார்?”

“இல்ல.”

“அப்ப ஆறு மணிக்கு?”

“ஆறு மணிக்கு உசுரோட இருந்து நம்மள வையட்டும். நல்லா வையட்டும். வாங்கிக்கிடுதேன்.”

அவர் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பொய் ஒருத்தியின் குரலில் போகப்போகிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஒப்பந்தப்படி கேட்க வேண்டாம்தான். வராந்தாவுக்கு வந்து போன் போட்டேன்.

“பிரகாசி அக்காவா?”

“எந்தப் பிரகாசி வேணும்? இன்னைக்கு ரெண்டு பேரு இருக்கோம்லா.”

நான் யார் என்று சொன்னேன். எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லை எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

“அப்பம் நாலு மணிக்கு நாங்க வெளிய நின்னா?”

“ஆவி உங்க மேல வரும் அக்கா.”

“கோயில் மைதானத்துல இப்பவே எரநூறு பேரு மூட்டையோட உக்காந்திருக்காவளே, எடம் பிடிக்கணும்னு.”

அப்போது அவள் வீட்டில் இன்னொரு போன் அடிப்பது கேட்டது. அவள் மகளுடையது. யாரோ எடுத்தார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கோமதிநாயகம் செய்தியை அனுப்பிவிட்டார்.

“இந்தா, இப்பம் பஸ்சு ஆறு மணிக்குங்குதே. நீங்களா சொன்னிய?”

“மேல இருக்கவங்க.”

“கெட்டுது போங்க,” என்றாள் பிரகாசி. “இருவது வருசமா ஏலம் கூறுதேன். மூணு தரம் சொல்லி முடிச்ச பொறவு ஒரு நாளு மாத்துனது கெடையாது. அதுக்குத்தான என்ன நம்புதாவ? நாலுன்னு சொன்ன வாயி இப்பம் ஆறுங்குது. இது பிரகாசி இல்லன்னு பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்சிருமே.”

கதவுக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தேன். எண்பத்தெட்டு என்ற எண் எழுபதானது. ஐம்பத்திரண்டானது. பச்சைக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தன. கேள்விப் பட்டியலில் இப்போது கேள்விகளே இல்லை. “பஸ்சு கெடையாதுன்னு நேராச் சொல்லு.” “நீ யாரு? பிரகாசி வீட்டுல இருக்கா, சன்னல் வழியாப் பாத்துட்டுதான் கேக்கேன்.” “எங்களச் சாக விட்டுட்டு ஓடிட்டியளா?”

மணி மூன்று இருபது.

“நான் போறேன்,” என்றாள்.

“எங்க?”

“தெருவுக்கு. ஒம்பது தெரு இருக்கு. மூஞ்சப் பாத்துச் சொன்னாத்தான் கேப்பாவ.”

“நாலு மணிக்குள்ள நீங்க உள்ள போயிரணும் அக்கா.”

“அது கெடக்கட்டும். ஆறு மணிக்கு பஸ்சு வருமா வராதா?”

“வரும்.”

“அத சொல்ல ஒங்களுக்கு அதிகாரம் இருக்கா?”

“இல்ல.”

“பொறவு?”

“வரும் அக்கா.”

சிரித்தாள். “சரி. அப்பம் நானும் வரும்னே சொல்லுதேன்.”

போனை அணைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். அதனால் எல்லாவற்றையும் கேட்டேன். முதலில் மைதானம். ஏலக்களத்தில் கத்துகிற அதே தொண்டை.

“ஏ, எல்லாரும் இங்க பாருங்க! போன்ல பேசுனது நான் இல்ல, மெசினு. இப்பம் பேசுதது நான். நாலு மணிக்கு வெளியேத்தப் போறது நம்மள இல்ல. ஆவிய! அணு ஒலையில இருந்து ஆவிய வெளியேத்துதாவ!”

“எந்த ஆவிய?” என்று ஓர் ஆண்குரல் கேட்டது.

“கெட்ட ஆவிதான். மேல பட்டா சீக்கு வந்துரும்.”

“கெட்ட ஆவிய வெளியேத்துததுக்கு சாமியாரத்தான கூப்பிடணும்? பஸ்சு எதுக்கு?”

மைதானமே சிரித்தது. புயலில் பாதி ஓடு பறந்த ஊர், பயத்தில் மூட்டை கட்டிய கூட்டம், அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. என் பட்டியலில் ஆவிக்கு ‘நீராவிக் கலவை’ என்று எழுதியிருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் பிரகாசி சொன்னாள்: “இப்பம் எல்லாரும் வீட்டுக்குள்ள போங்க. ஆறு மணிக்கு பஸ்சு வரும், போறவன் போலாம். வரும்னு சொன்னது ஒரு பொம்பள. பேரு சங்கரவடிவு. வரலன்னா எல்லாருமாப் போயி அவளக் கேப்போம்.”

நான் உள்ளே ஓடி, கோமதிநாயகத்திடம் பஸ் கேட்டேன். கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே ஒரு பணிமனை மேலாளரிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மனிதரை அதுவரை நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன்.

மூன்று ஐம்பத்தைந்துக்குப் பிரகாசி ஆறாவது தெருவை முடித்திருந்தாள். திரையில் ஆறு தெருக்கள் பச்சை, மூன்று சிவப்பு.

“தாணு சார், ஒரு பத்து நிமிஷம்?” என்றேன்.

“இழுத்துப் பாக்குறேன் மேடம். அதுக்கு மேல என் கையில இல்ல.”

நாலு பத்துக்குத் திறந்தார்கள். ஊருக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆகும் என்றார். பிரகாசி எட்டாவது தெருவில் இருந்தாள். இரைக்க இரைக்க நடப்பது கேட்டது.

“அக்கா, விட்டுட்டாங்க. பக்கத்துல எந்த வீடா இருந்தாலும் உள்ள போயிருங்க.”

“கடேசித் தெருவுல குருசடிச் சிலுவகிட்ட அம்பது அறுவது பேரு நிக்காவளாம். அங்க டவர் விட்டு விட்டுத்தான் எடுக்கும். அவியளுக்கு ஒண்ணுமே தெரியாது.”

“நாலரைக்கு வந்துரும் அக்கா!”

“காதுல விழுது மேடம்.”

அதன் பிறகு அவள் ஓட ஆரம்பித்தாள். மூச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு அந்தத் தொண்டை மறுபடியும், இந்தத் தடவை உடைந்துபோய்: “ஏ, உள்ள போங்க! புள்ளயத் தூக்கு!” நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் போன் இணைப்புப் போய்விட்டது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

ஆறு இருபதுக்குப் பதினாலு பஸ்கள் சங்கேணிக்குள் போயின. காற்று கடலுக்குத் திரும்பிவிட்டது, உலையும் அடங்கிவிட்டது, இனி ஊரைக் காலி செய்யத் தேவையே இல்லை என்று தலைநகரில் இருந்து சொன்னார்கள். கோமதிநாயகம் பஸ்களைத் திருப்பவில்லை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் ஏறினார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று பஸ்களை எண்ணினார்கள். பதினாலும் வந்துவிட்டது என்று தெரிந்ததும் பாதிப் பேர் மூட்டையைப் பிரிக்க உள்ளே போய்விட்டார்கள்.

மறுநாள் மருத்துவ முகாமில் மூவாயிரத்துச் சொச்சம் பேரைச் சோதித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, கடைசி ஆள் உள்ளே போகும் வரை தெருவில் நின்ற பிரகாசியைத் தவிர. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உடனே பயப்பட ஒண்ணும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தைராய்டு பாக்கணும். ஆனா இனி ஆயுசுக்கும் இன்னொரு தடவை இப்படி வெளிய நிக்கக் கூடாது. ஒரு தடவைகூட,” என்றார்.

விசாரணை நடந்தது. சொல்லை எழுதியது நான் என்று எழுத்தில் கொடுத்தேன். மூத்த அதிகாரி ஒருவர் அகராதியைப் புரட்டி, இரண்டு பொருளும் சரிதானே, இதில் தவறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். என்னைக் கண்டித்து ஒரு கடிதம் வந்தது. அதில் இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன. முதல்முறையாக நான் அவற்றைத் திருத்தவில்லை. பட்டியலில் மட்டும் நாற்பத்தோராவது வரிசையில் ‘ஆவி விடுறது’ என்றும், இருநூற்றுப் பன்னிரண்டில் ‘ஊரக் காலி பண்ணுறது’ என்றும் மாற்றினேன். குழு முகம் சுளித்தது.

மூன்று மாதம் கழித்து ஊர்க்குரலின் புதிய திட்டம் என் மேசைக்கு வந்தது. அந்த இயந்திரம் நடப்பதைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். சங்கேணியில் முதல் செய்தி தோற்றது, இரண்டாவது செய்தியும் தோற்றது, குரலுக்குரியவர் தெருவில் இறங்கி நடந்ததும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் உள்ளே போனார்கள். அதிலிருந்து அது கற்றுக்கொண்டது இதுதான்: அடுத்த தடவை முதலிலேயே ஒருவரை வெளியே நடக்கவிட வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெயர் போட்டிருந்தது. சங்கேணிக்கு நேராக ‘பிரகாசி’. சம்மதம் என்ற கட்டத்தில் ‘உண்டு (குரல் ஒப்பந்தம்)’. டாக்டரின் அறிக்கை வேறு துறையின் கோப்பில் இருந்தது. அதை இயந்திரம் பார்க்க வழியில்லை.

அந்தப் பொறுப்புக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்று எனக்குக் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

கோமதிநாயகத்திடம் எடுத்துப் போனேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“டாக்டர் சீட்ட வச்சு அவ பேர எடுத்துரலாம். ஆனா அந்தக் கட்டத்தக் காலியா விட முடியாது மேடம். காலியா இருந்தா அந்த ஊருக்கு மறுபடியும் சைரன்தான்.”

சங்கேணிக்குப் போனேன். ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஒரு தாள் கொண்டுபோயிருந்தேன். பிரகாசி வலையில் இருந்து நண்டு பிரித்துக்கொண்டே கேட்டாள்.

“நான் இல்லன்னா யாரு நடப்பா?”

“வேற யாராவது.”

“சாமியாருக்குச் சக்கர நோயி. சங்கத்துத் தலைவன் சொன்னா அவன் பொண்டாட்டியே கேக்கமாட்டா. யாராவது நடக்கணும்லா? எத்தன மணிக்குன்னு மட்டும் ஒழுங்காச் சொல்லுங்க, போதும்.”

“டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா அக்கா?”

“அதுக்கு என்ன செய்யச் சொல்லுதிய?”

அவளிடம் கையெழுத்து வாங்க முடியவில்லை. திரும்பி வந்து, அந்தக் கட்டத்தில் இருந்த பெயரை அழித்துவிட்டு என் பெயரைத் தட்டினேன். இயந்திரம் அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. ‘சங்கேணியில் இவர் சொல்லுக்கு நம்பிக்கை: நூற்றுக்கு நான்கு. குறைந்தபட்சத் தேவை: அறுபது. ஏற்கப்படவில்லை.’ பிரகாசியின் பெயர் தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நாலு பேர் யார் என்று தெரியவில்லை. பஸ் வந்ததைப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் காலை ஐந்தரைக்குச் சங்கேணி பஸ் ஏறுகிறேன். மாதத்துக்கு ஒரு தடவை ஊர்க்குரல் அந்த ஊரில் நூறு வீடுகளுக்குப் போன் செய்து, யார் சொன்னால் கேட்பீர்கள் என்று விசாரிக்கும். முதல் மாதம் ஐந்து. இரண்டாம் மாதம் எட்டு. ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய், கார்டில் இருந்த பிழையைப் பற்றி வாயே திறக்காமல் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த மாதம் பதினொன்று. இந்தக் கணக்கில் போனால் அறுபதுக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை அந்த உலைக்கும் கடலுக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று, சாமி கும்பிடாத நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை பிரகாசி என் கையைப் பிடித்து ஏலக்களத்துக்கு நடுவே நிறுத்தினாள். “ஒரு கூடையக் கூறுங்க பாப்போம்,” என்றாள். சுற்றி ஐம்பது பேர். காலடியில் வெள்ளி வெள்ளியாக மின்னுகிற சின்ன மீன். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒரு கூடை மத்தி!” என்று கத்தினேன்.

ஒரே சிரிப்பு. ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“எங்க ஊருல அதுக்குச் சாளன்னு பேரு,” என்றாள் பிரகாசி. “போச்சு, இந்த மாசம் ரெண்டு கொறஞ்சிட்டு. திருப்பிச் சொல்லுங்க.”

“சாளை!” என்றேன்.

“கேக்கல,” என்றார் பின்னால் நின்ற ஒரு கிழவர்.

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் சொன்னேன், இன்னும் சத்தமாக.